ஐம்பது குதிரைகள் எங்கே போயின?

என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, 2 லிட்டர். மச்சானிடம் இருப்பது டொயோட்டா ஜிஆர்86, 2.4 லிட்டர். இரண்டுமே கையால் கியர் போடுகிற, பின்சக்கரத்துக்குச் சக்தி போகிற, டர்போ இல்லாத கார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழக்கமாகத் தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன். கூரையைத் திறந்து ஓட்டலாம் என்ற ஆசையில் எம்எக்ஸ்-5 பக்கம் சாய்ந்துவிட்டேன்.

காகிதத்தில் பார்த்தால் என் காருக்கு 184 குதிரைத்திறன், அவன் காருக்கு 234. முழுசாக ஐம்பது குதிரை வித்தியாசம். எப்போது சந்தித்தாலும், “மாமா, உங்க வண்டி ரொம்ப அழகா இருக்கு” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். அழகு என்று அவன் சொன்னால் வேகம் இல்லை என்று அர்த்தம். ஒருநாள் பொறுக்க முடியாமல், அளந்தே பார்த்துவிடலாம் என்றேன். அப்படித் தொடங்கியது கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடியது. அதில் பாதி, தப்பாக அளப்பது எப்படி என்று கற்றுக்கொண்டதிலேயே போயிற்று.

முதல் சோதனையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆளுக்கொரு கைபேசியை ஸ்பீடாமீட்டருக்கு எதிரே மாட்டி, முள் 100-ஐத் தொடும்வரை வீடியோ எடுத்தோம். என் கார் ஜெயித்தது! இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ஐ.நா. வாகன விதிகளின்படி ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். எவ்வளவு? உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதற்குமேல் மணிக்கு 4 கிலோமீட்டரும். அதாவது நிஜத்தில் 100-ல் போகும்போது மீட்டர் 114 வரை காட்டினாலும் விதிப்படி சரி. ஒவ்வொரு காரும் தன் பங்குக்குக் கொஞ்சம் பொய் சொல்லும். நான் ஜெயித்தது அந்தப் பொய்யில்தான்.

கைபேசி ஜிபிஎஸ்ஸை நம்பலாமே என்றான் மச்சான். அது பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். நூறில் போகும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடந்துவிடும். அரை நொடி வித்தியாசத்தைப் பிடிக்க அது உதவாது. கடைசியில் நொடிக்குப் பத்து முறைக்குமேல் பதியும் சின்ன ஜிபிஎஸ் பெட்டி ஒன்றை இருவரும் பங்கு போட்டு வாங்கினோம். யாராவது இந்த மாதிரி விளையாட்டில் இறங்குவதாக இருந்தால் முதலில் இதை வாங்குங்கள்.

இரண்டாவது சோதனை ஒரு பந்தய ட்ராக்கில், நேர்ப்பாதையை மட்டும் வாடகைக்கு எடுத்து நடந்தது. நேரம் எழுத வந்தவள் என் மனைவி, அதாவது மச்சானின் அக்கா. நாங்கள் இருவரும் ஆளுக்கு மூன்று முறை ஓடி முடித்து எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது, “ஏன் ஒரே பக்கமாவே ஓடுறீங்க? இந்த ரோடு அந்தப் பக்கம் சரியுதே” என்றாள். பார்த்தால் சமமாகத்தான் தெரியும். அவள் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துக் காட்டினாள், மெதுவாக உருண்டு போனது. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஓடி சராசரி எடுக்கிற முறைக்கு மாறினோம். காற்றும் இப்படித்தான், ஒரு பக்கம் முதுகில் தள்ளும், மறுபக்கம் முகத்தில் அறையும்.

அங்கேதான் 0–100, அதாவது நின்ற இடத்திலிருந்து 100-ஐத் தொட ஆகும் நேரம் என்ற எண்ணின் குட்டும் உடைந்தது. என் காரில் இரண்டாம் கியரில் சிவப்புக்கோடு வரை, அதாவது என்ஜின் சுழலக்கூடிய உச்சம்வரை மிதித்தால் சரியாக 100 பக்கத்தில் வந்து வெட்டும். அவன் காரிலும் அப்படியே. கியர் விகிதத்தையும் டயர் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டும் 100-க்கு ஒட்டிய இடத்தில்தான் நிற்கின்றன. டயர் கொஞ்சம் தேய்ந்திருந்தாலே மூன்றாம் கியர் போட்டாக வேண்டும். அந்த ஒரு கியர் மாற்றத்தில் கால் நொடியோ அதற்கு மேலோ பறிபோகும். அமெரிக்கப் பத்திரிகைகள் மணிக்கு 60 மைல்வரைதான் அளக்கின்றன, அது 96.6 கிலோமீட்டர். இரண்டாம் கியரிலேயே வேலை முடிந்துவிடும். போதாக்குறைக்கு அவர்களில் பலர் கார் நகர்ந்த முதல் ஒரு அடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதிலேயே ஏறக்குறைய 0.3 நொடி கிடைத்துவிடும். ஒரே காருக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் இருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. வெவ்வேறு பந்தயத்தை ஓடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான்காவது முறை கிளம்பும்போது மச்சானின் காரிலிருந்து கிளட்ச் கருகும் வாசனை வந்தது. கதவைத் திறந்து இறங்கி நின்றுகொண்டு, காரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தான். அதோடு நின்ற இடத்திலிருந்து பாய்கிற சோதனையை நிறுத்திவிட்டோம். அதில் காரைவிட ஓட்டுகிறவரின் இடதுகால்தான் அதிகம் பரிசோதிக்கப்படுகிறது. கிளட்ச் தகடு வேறு வீணாகிறது.

அதற்குப் பதிலாக நாங்கள் கண்டுகொண்டது, நான்காம் கியரில் 80-லிருந்து 120 வரை. கியர் மாற்றம் இல்லை, கிளட்ச் இல்லை. சீராக 75-ல் போய் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தால் போதும், பெட்டி மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பத்து முறை செய்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். சாலையில் லாரியை முந்தும்போது தேவைப்படுகிற பிக்கப்பும் இதுதான். என்னைக் கேட்டால், இரண்டு கார்களை ஒப்பிட ஒரே ஒரு எண்தான் கிடைக்கும் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

இதில் ஜிஆர்86 ஜெயித்தது. ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. ஆனால் ஐம்பது குதிரைக்குரிய ஜெயிப்பாக இல்லை. அரை நொடிகூடத் தேறவில்லை.

மச்சான் முகம் சுருங்கிவிட்டது. தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். என் கார் சுமார் 1060 கிலோ. அவனுடையது சுமார் 1275. ஒரு டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்தால் எனக்கு 174, அவனுக்கு 184. ஐம்பது என்று மார்தட்டியது பத்துக்குள் அடங்கிவிட்டது.

“அப்ப மீதி நாற்பது குதிரை எங்க மாமா?”

“உன் வண்டியைச் சுமந்துக்கிட்டு இருக்கு மச்சான்.”

என் வாழ்நாளில் அந்த நேரத்துக்குச் சரியாக வாய்த்த பதில் அது ஒன்றுதான்.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. அடுத்த மாதம் ட்ராக் நாளில், அதாவது சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டவிடும் நாளில், முழு லேப் (ஒரு முழுச் சுற்று) ஓட்டினோம். அவன் என்னைவிட ஒரு லேப்புக்கு நான்கு நொடிக்குமேல் வேகமாக வந்தான். நேர்ப்பாதையில் அரை நொடிக்கே திண்டாடியவன், வளைவுகளில் எங்கிருந்து இவ்வளவு எடுத்தான்? ஓட்டத் தெரியாததுதான் காரணமோ என்று மனசுக்குள் புழுங்கினேன்.

காரணம் தரையில் இருந்தது. டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2218 என்றால் 2018-ஆம் வருஷம் 22-ஆவது வாரம் செய்தது. என் டயர்களுக்கு வயது ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டன் ஆழமாக இருந்ததால் நல்ல டயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சானின் டயரில் நகத்தை வைத்து அழுத்தினால் லேசாகப் பதியும், விட்டால் மீளும். என்னுடையதில் நகம்தான் வளைந்தது. ரப்பர் இறுகிப் போயிருந்தது.

அவன் காரில் இருந்தது மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4. அதே டயரை என் அளவில், 205/45 ஆர்17-ல் வாங்கிப் போட்டேன். அடுத்த ட்ராக் நாளில் வித்தியாசம் இரண்டு நொடிக்குக் கீழே வந்துவிட்டது. என்ஜினில் கை வைக்கவில்லை, சஸ்பென்ஷனில் கை வைக்கவில்லை. நான்கு நொடியில் பாதிக்குமேல் டயருக்குரியது. நான் அதுவரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது மாஸ்டாவையும் டொயோட்டாவையும் இல்லை, பழைய ரப்பரையும் புது ரப்பரையும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜிஆர்86-க்கு முந்தைய ஜிடி86 வந்தபோது அதற்கு மிஷலின் பிரைமஸி ஹெச்பி டயரைப் போட்டார்கள். டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான ப்ரியஸுக்கும் சில இடங்களில் போட்ட அதே ரக டயர். பிடி குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் அழகாக வழுக்கும், ஓட்டுகிறவருக்கு விளையாட்டு என்பது அவர்கள் எண்ணம். ஜிஆர்86-ம் பல நாடுகளில் 17 அங்குலச் சக்கரத்தில் அந்த டயரோடு வருகிறது. 18 அங்குலத்தில்தான் பைலட் ஸ்போர்ட் 4. ஆகவே யாராவது “ஜிஆர்86 இந்த ட்ராக்கில் இவ்வளவு நேரம்” என்று சொன்னால், எந்த டயர் என்று கேட்காமல் நான் இப்போதெல்லாம் தலையாட்டுவதில்லை.

பெரிய கம்பெனிகளே இதில் சண்டை போட்டிருக்கின்றன. 2008-இல் நிஸான் ஜிடி-ஆர், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப் என்ற பந்தயப் பாதையை 7 நிமிடம் 29 நொடியில் சுற்றியதாக அறிவித்தது. போர்ஷே சந்தேகப்பட்டு, தானே ஒரு ஜிடி-ஆரை ஓட்டிப் பார்த்து, தங்களுக்கு 7 நிமிடம் 54 நொடிதான் வந்தது என்றது. ஒரே காருக்கு 25 நொடி வித்தியாசம். எந்த டயர், யார் ஓட்டினார், அவருக்கு அந்தக் கார் எவ்வளவு பழக்கம் என்றெல்லாம் அப்போது பேச்சு வளர்ந்தது. அவர்களுக்கே இந்தக் கதி என்றால் எனக்கும் மச்சானுக்கும் என்ன.

டயரில் காற்று விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். என் காருக்குக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் 29 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். அது டயர் குளிர்ந்திருக்கும்போது. ஐந்து லேப் ஓட்டினால் சூட்டில் 35-க்குப் போய்விடும், கார் மேலே மேலே மிதப்பதுபோல் ஆகும். அதனால் காற்றை இறக்கி 29-க்குக் கொண்டுவந்தேன். மிச்ச லேப்புகள் அருமையாகப் போயின. அன்று இரவு அப்படியே வீட்டுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் ஸ்டீயரிங் கனத்தது, வளைவுகளில் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பியது. என்னவோ உடைந்துவிட்டது என்று பயந்து ஓரம் கட்டினேன். டயர் ஆறியதும் காற்று 23-க்கு இறங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை. இப்போது டிக்கியில் சின்ன பம்ப் ஒன்று எப்போதும் கிடக்கிறது. இறக்கிய காற்றை ஏற்றாமல் ட்ராக் வாசலைத் தாண்டுவதில்லை.

பிரேக் கதை இதைவிட மோசம். இலகுவான காருக்கு பிரேக் கஷ்டமே வராது என்று ஒரு அலட்சியம் எனக்கு. அந்த எண்ணத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை: ஒரே வேகத்திலிருந்து நிற்க அவன் கார் என் காரைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகச் சக்தியைச் சூடாக்கித் தள்ள வேண்டும். ஆனால் வேகத்தின் கணக்கு வேறு. நூறிலிருந்து நிறுத்துவதற்கும் நூற்றிருபதிலிருந்து நிறுத்துவதற்கும் 44 சதவீத வித்தியாசம். ஏழாவது லேப்பில், நேர்ப்பாதை முடிவில் மிதித்தபோது பெடல் பாதிவரை ஒன்றுமில்லாமல் உள்ளே போனது. ஈர மண்ணை மிதித்த மாதிரி. விட்டு மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாம் முறை நன்றாகப் பிடித்தது. வளைவை விட்டு வெளியே, புல்லில் போய் நின்றேன். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் ரொம்ப நேரம் நடுங்கியது.

தப்பு முழுக்க என்னுடையது. பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருஷம் ஆகியிருந்தது. டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது தரம். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டபின் அந்த அளவுகோல் 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். ஆவியை அழுத்தலாம், ஆனால் பிரேக் பிடிக்காது. தினசரி ஓட்டத்தில் இது தெரியவே தெரியாது, ட்ராக்கில் ஏழாவது லேப்பில்தான் தெரியும். இப்போது ட்ராக் நாளுக்கு முன்னால் புது ஆயில், கடைசி ஒரு லேப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுவது, நிறுத்திய பிறகு ஹாண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுவது என்று ஆகிவிட்டது. சூட்டோடு ஹாண்ட்பிரேக்கை இழுத்தால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும்.

டயரும் பிரேக்கும் சரியான பிறகு, கடைசியாகக் கார்களை மாற்றிக்கொண்டோம். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

நான் ஜிஆர்86-இல் என் சொந்தக் காரைவிட மெதுவாக ஓட்டினேன்! ஐம்பது குதிரை கூடுதல், நல்ல டயர், இருந்தும் மெதுவாக. அந்தக் காரின் என்ஜின் பாக்ஸர் வகை, சிலிண்டர்கள் படுத்திருக்கும்; எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் காரின் உடம்பு அவ்வளவாகச் சாய்வதில்லை. எம்எக்ஸ்-5 மெத்தென்று சாய்ந்து, எவ்வளவு பிடி பாக்கி என்று இடுப்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இது எதுவும் சொல்லவில்லை. சொல்லாததால் நான் பயந்து ஒதுங்கி ஓட்டினேன். மச்சானோ என் காரில் இரண்டு லேப் முடித்து வந்து, “மாமா, வண்டி கவுந்துடும் போல இருக்கு, எப்படித்தான் ஓட்டுறீங்க” என்றான். பத்தாவது லேப்பில் அவனுக்கு அந்தச் சாய்வு பழகிவிட்டது. என் நேரத்துக்கு ஒரு நொடி பக்கத்தில் வந்துவிட்டான், கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. டெஸ்ட் டிரைவ் என்று கால்மணி நேரம் ஓட்டிவிட்டு இந்த இரண்டில் எது உங்களுக்குச் சரி என்று முடிவு செய்யாதீர்கள். முதல் கால்மணியில் பிடிப்பது பெரும்பாலும் ஏற்கெனவே பழகிய காரைப் போல இருப்பதுதான்.

அந்த ஐம்பது குதிரைகளை நான் நிஜமாகப் பார்த்தது ட்ராக்கில் இல்லை, மலைப்பாதையில். இரண்டு கார்களிலும் இரண்டிரண்டு பேர், பெட்டி படுக்கை. செங்குத்தான ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி. மச்சான் நான்காம் கியரிலேயே அழுத்தினான், கார் இழுத்துக்கொண்டு போனது. 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 3700 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 3700 சுற்று) வந்துவிடுகிறது. பழைய ஜிடி86 திணறும் என்று பலரும் குறைசொன்ன இடமும் அதன் பக்கத்தில்தான், அதைச் சரிசெய்திருக்கிறார்கள். நான் இரண்டாம் கியருக்கு இறங்கி, என்ஜினை அலறவிட்டு, அடுத்த நேர்ப்பாதைக்குக் காத்திருந்து முந்தினேன். இலகுவான காருக்குச் சுமை ஏற்றினால் விகிதத்தில் அதற்குத்தான் அதிகம் வலிக்கும். தனியாக ஓட்டும் ஆளா, துணையோடு ஓட்டும் ஆளா என்று வாங்குமுன் யோசிப்பது நல்லது.

நெடுஞ்சாலையில் என் காருக்குள் பேச்சு கேட்காது, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். சாயங்கால வெளிச்சத்தில் கூரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுபதில் போகும்போது எந்தப் பெட்டியும் அளக்காத ஒன்று கிடைக்கும். அந்த மாதிரி நேரத்தில் மச்சான் என் பக்கத்து சீட்டில்தான் இருப்பான்.

டிக்கி விஷயத்தில் மட்டும் நான் வாயே திறப்பதில்லை. என்னுடையது 130 லிட்டர், அவனுடையது 226. அதோடு பின்சீட்டை மடித்தால் நான்கு சக்கரங்கள் உள்ளே போகும். ட்ராக்குக்குத் தனி டயர் கொண்டுபோகிறவர்களை மனதில் வைத்தே அப்படி வடிவமைத்தார்களாம். இப்போது நானும் ட்ராக்குக்கென்று ஒரு செட் சக்கரம் வைத்திருக்கிறேன். என் காரில் அதை ஏற்ற இடமில்லை. ஒவ்வொரு ட்ராக் நாளும் விடியற்காலையில் மச்சான் வந்து ஹாரன் அடிப்பான். அவனை முந்துவதற்கான என் நான்கு டயர்களையும் உருட்டிக்கொண்டு போய், அவன் காரில் நானே ஏற்றிவிட்டு, பின்னாலேயே கிளம்புவேன்.